கவிழும் வண்டி, காலைக் காட்சி

எலிதான், சந்தேகமே இல்லை, இந்த மலைக்குள்ள எங்கேயோ எலி செத்துக் கிடக்கு. நேத்து சாயங்காலமே லேசா வாடை வந்தது, பெயின்ட்டா இருக்கும்னு விட்டுட்டேன், இன்னிக்கு ஹால் கதவைத் திறந்ததும் மூஞ்சியில அறையுது, த்தூ, வாயைத் திறந்தா வாய்க்குள்ளயும் போகுது. மலைன்னா என்ன பெரிய மலை, கம்பிவலையை வளைச்சு, கோணியைப் போர்த்தி, மேலே பிளாஸ்டரைப் பூசின மலை. மரத்தூளைப் பச்சைச் சாயத்துல முக்கி ஒட்டினா அது புல்லு. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிக்கிற ஜனங்களுக்கு ஆறு, பாலம், ஸ்டேஷன், குட்டி ரயிலு, எல்லாம் ஜோர். இந்தப் பக்கம் ஸ்டூலைப் போட்டு உக்கார்ந்து வண்டியை ஓட்டுற எனக்கு மேசைக்கு அடியில தொங்குற ஒயரும் ஒட்டடையும் பல்லி முட்டையும், இப்ப இந்தச் செத்த எலியும். கூட்டுற முத்துராக்கு அக்கா துடைப்பத்தோட வந்து எட்டிப் பார்த்துட்டு முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டா. "என்னடி ரெஜினா இந்த நாத்தம் நாறுது, குகைக்குள்ள கையை விட்டு எடுத்து எறியேன்." "நீங்க விடுங்களேன் அக்கா." "எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" அதோட போயிட்டா. தினகரன் சார்தான் வந்தார், இந்த ரயில் மியூசியத்துக்கு அவர்தான் எல்லாம், கையில ஸ்பிரே டப்பா. "ரெஜினாம்மா, ஸ்கூல் வேன் வந்துருச்சு, இப்பப் போய் மலையைப் பிரிக்க முடியாது, முதல் ஷோ முடியட்டும்"னு சொல்லி புஸ்ஸு புஸ்ஸுனு அடிச்சார். மல்லிகைப்பூ வாசனையாம். எலி நாத்தமும் போகலை, மல்லிகையும் வந்து சேர்ந்துக்கிச்சு, இப்ப இந்த ஹால் முழுக்க எழவு வீட்டு வாடை.

எழவு வீடுன்னு நினைச்சிருக்கக் கூடாது. இன்னிக்கு அதை நினைக்கவே கூடாதுன்னுதானே பஸ்ல வரும்போதே ஜெபமாலையை உருட்டிக்கிட்டு வந்தேன். வேற எதையாவது நினை ரெஜினா. இந்தக் குட்டி ரயிலு லேஅவுட்டு வந்த கதையை நினை, சிரிப்பாவது வரும். யாரோ ஒரு பெரிய பணக்காரர், வெளிநாட்டுல இருந்து பெட்டி பெட்டியா வாங்கி வீட்டு மாடியில இதைப் போட்டு விளையாடிக்கிட்டு இருந்தாராம், வயசு எழுபது. அவர் கண்ணை மூடினதும் மருமகளுக்கு மாடி வேணும், மாவு மெஷின் வைக்கவோ யோகா பண்ணவோ, தூக்கி மியூசியத்துக்குக் கொடுத்துட்டாங்க. வாசல்ல கல்வெட்டு, அன்பளிப்பு, மாலை, போட்டோ. பனி கொட்டுற ஊரு வீடுங்க எல்லாம், கூரை ஒவ்வொண்ணும் செங்குத்தா நிக்குது, பனி வழுக்கி விழணும்ல. அதுக்கு மேல சிவப்பு பெயின்ட் அடிச்சு ஓட்டு வீடுன்னு வச்சிருக்காங்க. ஊசிக்கோபுரத்தோட ஒரு கோயில் இருந்தது, எங்க கோயில் மாதிரியே, அதோட சிலுவையைக் கிள்ளிட்டு 'தண்ணீர்த் தொட்டி'ன்னு சீட்டு ஒட்டிட்டாங்க. ஸ்டேஷன்ல ஒரு துளி குப்பை இல்லை, தண்டவாளத்து ஓரமா டப்பாவோட குந்தியிருக்கிறவன் ஒருத்தன் இல்லை, டிக்கெட் இல்லாத கிழவியைக் கையைப் பிடிச்சு இறக்கிவிடுறவன் இல்லை. கோட்டு போட்ட ஒரு குட்டி ஆளு கையைத் தூக்கிக்கிட்டு நிக்கிறான், யாரை வழியனுப்புறானோ, காலுக்கடியில கோந்து, அவன் பாட்டுக்கு நிக்கிறான். தூசி தட்டும்போதெல்லாம் அவனைக் கிள்ளி எறியணும்னு கை பரபரக்கும். இதையெல்லாம் பார்த்துட்டு வர்ற ஜனம் சரித்திரம் கத்துக்கிட்டோம்னு போகுது. கண்றாவி. சரி, கண்றாவியா இருந்தா என்ன, மாசச் சம்பளம் வருது, நிழல்ல உக்கார்ந்து வேலை, நான் ஒரு வார்த்தை சொன்னதில்லையே, இந்தப் பாலத்துக்கு அவர் அந்தப் பலகையை மாட்டுற வரைக்கும்.

பலகையைப் பார்க்காதே. பார்க்கலை. பார்க்காட்டியும் தெரியுது, வெள்ளையில கறுப்பு, 'கருங்கல்லோடைப் பாலம்'. லோக்கல் டச் வேணுமாம். "நம்ம ஜனங்களுக்குத் தெரிஞ்ச பேரா வைப்போம் ரெஜினாம்மா, அங்கதானே அந்த கூட்ஸ் ஆக்சிடென்ட் நடந்தது, பெரியவங்களுக்கெல்லாம் ஞாபகம் இருக்கும்." ஞாபகம் இருக்கும் சார். நல்லாவே இருக்கும். நான் அவர் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு தலையை ஆட்டினேன். அவருக்குத் தெரியாது, வெளியூர்லேர்ந்து கான்ட்ராக்ட்ல வந்த பையன், என் தம்பி வயசு, தினமும் டீ குடிச்சீங்களான்னு கேக்குற நல்ல பையன். கெட்டவனா இருந்தாலாவது திட்டித் தீர்த்துக்கலாம். அதுக்கப்புறம் அந்தக் கூத்து நடந்தது. பாலம் முடிஞ்சு வளைவு ஆரம்பிக்கிற இடத்துல தண்டவாளம் ரெண்டு துண்டாச் சேருது, அந்த ஜாயின்ட் எப்பவுமே லூசு, காலையில வந்ததும் கட்டைவிரலால அழுத்தி உக்கார வச்சுட்டுத்தான் வண்டியை எடுப்பேன், இது நானாப் பழகிக்கிட்ட வழக்கம். அழுத்தியிருந்தா வேகம் கூட்டுற கன்ட்ரோலரை முழுசாத் திருகினாலும் வண்டி வழுக்கிக்கிட்டுப் போகும், நானே திருகிப் பார்த்திருக்கேன். அன்னிக்கு லீவு முடிஞ்சு வந்த அவசரம், அழுத்த மறந்துட்டேன். எஞ்சின் தட்டிச்சு, எகிறிச்சு, பின்னாடி பெட்டிங்க எல்லாம் பாலத்துலேர்ந்து சரசரன்னு கண்ணாடி ஆத்துல. எனக்கு உயிரே போயிருச்சு. பிள்ளைங்களோ, ஓன்னு கத்திக் கைதட்டுதுங்க! இன்னொரு தடவை, ஆன்ட்டி இன்னொரு தடவை! தினகரன் சார் கதவுக்கிட்ட நின்னு பார்த்துக்கிட்டே இருந்தார். அன்னிக்கே அவர் கண்ணுல ஒரு வெளிச்சம்.

மறுநாள் ரூமுக்குக் கூப்பிட்டார். "ரெஜினாம்மா, அந்த ஜாயின்ட்டை இனிமே அழுத்தாதீங்க. மெதுவாப் போறப்ப வண்டி தட்டிட்டுப் போயிரும்ல? கடைசி ரவுண்டுல வேகத்தைக் கூட்டுங்க, கவுந்துரும். பாதுகாப்புப் பாடமா ஆக்கிரலாம், பிள்ளைங்களுக்கும் ஜாலி." நான் சொல்ல வேண்டியதையும் அவரே சொல்லிக் கொடுத்தார், மனப்பாடம் ஆகுற வரைக்கும் திருப்பித் திருப்பி. 'அன்பான குழந்தைகளே, ஓட்டுநரின் கவனக்குறைவாலும் அதிக வேகத்தாலும் இந்தப் பாலத்தில் இப்படித்தான் விபத்து நடந்தது.' இதை நான் மைக்ல சொல்லணும். என் வாயால. முதல் தடவை இன்னிக்கு. தண்டவாளத்துல பழுதை வச்சுக்கிட்டு, ஓட்டினவன் மேல தப்பைச் சொல்றது, அங்கேயும் அதேதானே பண்ணினாங்க, இங்க பொம்மை, அங்க ஆளு, அவ்வளவுதான் வித்தியாசம். சார், அந்த ஓட்டுநர் என் வீட்டுக்காரர்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே இது நின்னிருக்கும். சொல்லலையே. ஏன் சொல்லலை? சொன்னா அந்தப் பார்வை வரும்ல, எனக்குத் தெரியும் அந்தப் பார்வை, ஐயோ பாவம்னு ஆரம்பிச்சு, ஓ வண்டியைக் கவுத்தவர் பொண்டாட்டியான்னு முடியுற பார்வை. ஜெசி அஞ்சாப்பு படிக்கையில பக்கத்து பெஞ்சுப் பொண்ணு கேட்டிருக்கு, உங்கப்பா தூங்கிட்டாராமே, எங்கப்பா சொன்னாருன்னு. அதுக்கப்புறம் என் பொண்ணு எங்கேயும் அப்பா என்ன வேலை பார்த்தாருன்னு சொல்றதில்லை. கல்யாணத்துக்குப் பார்த்துட்டுப் போன மாப்பிள்ளை வீட்டுலகூட ரயில்வேயில இருந்தாருன்னு பொதுவாச் சொல்லி முடிச்சோம். சொல்லி முடிச்சது நான்தான்.

ஜெசி அப்பா தூங்குற ஆளா? ராத்திரி டூட்டின்னா மத்தியானமே ஜன்னலுக்கெல்லாம் போர்வையைக் கட்டிட்டு தூங்கிருவார், நான் குக்கர்கூட வைக்கக் கூடாது, விசில் வந்தா போச்சு. அவ்வளவு கண்டிப்பு. சாப்பிடும்போது தட்டுல விரலால தட்டிக் காட்டுவார், "ரெஜி, அந்தக் கருங்கல்லோடை வளைவுல இப்படித் தட்டுது, டக்குனு, எஞ்சின்ல உக்கார்ந்திருக்கிறவனுக்குத்தான் அது தெரியும், மேல சொல்லியாச்சு, பார்க்குறேங்கிறாங்க." பார்த்தாங்க, நல்லாப் பார்த்தாங்க. கல்லறையில மண்ணைப் போட்டுட்டு எல்லாரும் திரும்பினப்புறம், தண்டவாளம் பார்க்குற ஆளு ஒருத்தன், வியர்வை நாத்தத்தோட, என் பக்கத்துல வந்து தலையைக் குனிஞ்சுக்கிட்டு சொன்னான், "அக்கா, தண்டவாளம் உடைஞ்ச வாயில துரு ஏறியிருந்துச்சு, அன்னிக்கு உடைஞ்சதுன்னா பளபளன்னு இருக்கும், அது பழைய உடைசல், அண்ணன் மேல தப்பு இல்லை." சொல்லிட்டுப் போனான். விசாரணையில வாயே திறக்கலை. அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கும். விசாரணைன்னு நாலு பேரு பச்சைத் துணி விரிச்ச மேசைக்குப் பின்னாடி உக்கார்ந்து முந்திரி பிஸ்கட் தின்னுக்கிட்டே கேட்டாங்க, அன்னிக்கு வீட்டுல ஏதாவது சண்டையாம்மா, மனசு சரியில்லாமப் போனாரா, குடிப்பாரா. ஒருத்தன் உதட்டுல பிஸ்கட் தூள். அதையேதான் பார்த்துக்கிட்டு இருந்தேன், அந்தத் தூள் எப்ப விழும் எப்ப விழும்னு. கடைசியில எழுதிட்டாங்க, ஓட்டுநர் தவறுன்னு. செத்தவன் வந்து மறுத்துப் பேசவா போறான்? அப்புறம் கருணை அடிப்படையில எனக்கு வேலை, கருணையாம், வாங்கிக்கிட்டேன், வாங்காம? ஜெசிக்கு யார் சோறு போடுவா? அந்தக் கருணைதான் என்னைச் சுத்திச் சுத்தி இந்த ஸ்டூல்ல கொண்டுவந்து உக்கார வச்சிருக்கு.

வந்துட்டாங்க. ஷூ சத்தம், தள்ளுமுள்ளு, டீச்சர் "லைன்ல நில்லுங்க, கண்ணாடியைத் தொடக்கூடாது"ங்குது, அதுக்குள்ள பத்து கை கண்ணாடியில, ஒரு பொடியன் நாக்கையே வச்சுட்டான். "மிஸ், நாத்தம் மிஸ்!" "ஷ்ஷ், அது கெமிக்கல்." தினகரன் சார் கதவுக்கிட்ட கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுறார், செல்போனைப் பிடிச்சுட்டார், வீடியோ. முத்துராக்கு அக்கா துடைப்பத்தோட மூலையில நிக்கிறா, அவளுக்கு எல்லாம் தெரியும், என்னையே பார்க்கிறா, பார்க்காதே அக்கா. மைக்கைப் போட்டேன். அன்பான குழந்தைகளே. என் குரல் எனக்கே யாரோ விளம்பரத்துல பேசுறாப்பல கேக்குது. வண்டி கிளம்புது, ஸ்டேஷன், கோட்டுக்காரன், தண்ணித்தொட்டிக் கோயில், குகை. குகைக்குள்ள போயிட்டு வர்ற ஒவ்வொரு தடவையும் வண்டி அந்த நாத்தத்தையும் இழுத்துக்கிட்டு வர்ற மாதிரி இருக்கு, பிரமைதான். பாலம். டக். தட்டிட்டுப் போகுது. இதுதான் மீட்டர் கேஜ், அகலம் கம்மியான அந்தக்காலத் தண்டவாளம், இதுதான் கைகாட்டி மரம், முன்னெல்லாம் இதைக் கம்பி இழுத்து இறக்குவாங்க, வாய் பாட்டுக்குச் சொல்லுது. டக். ஜெசி அப்பா தட்டுல விரலால தட்டின அதே டக். பல்லைக் கடிச்சுக்கோ ரெஜினா, ஒரே ஒரு வாக்கியம், கண்ணை மூடிக்கிட்டு மருந்து முழுங்குற மாதிரி முழுங்கிரு, இங்க யாருக்குத் தெரியப்போகுது, இந்தப் பிள்ளைங்க மத்தியானம் மிருகக்காட்சி சாலை போய்க் குரங்கைப் பார்த்ததும் மறந்துருங்க. மறந்துருமா? அந்த பெஞ்சுப் பொண்ணு மறந்துச்சா? ஒரு பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சொல்லும், டிரைவர் தூங்கிட்டாராம்ப்பா. இன்னிக்கு ஒரு வேன், நாளைக்கு ரெண்டு வேன், இந்த ஊருல இருக்கிற அத்தனை பிள்ளைக்கும் ஜெசி அப்பாதான் கொன்னார்னு அவர் பொண்டாட்டி சம்பளம் வாங்கிக்கிட்டுச் சொல்லிக் கொடுக்கணும். த்தூ, இதைவிட அந்த எலியைக் கையால எடுத்துரலாம். டக். தினகரன் சார் விரலைச் சுத்திக் காட்டுறார், கடைசி ரவுண்டு, வேகம் வேகம். பிள்ளைங்க எல்லாம் கழுத்தை நீட்டியாச்சு, டீச்சரு முன்னாடியே சொல்லி வச்சிருக்கும் போல, கவுரப் போகுது கவுரப் போகுதுன்னு ஒண்ணையொண்ணு இடிக்குதுங்க, ஒருத்தன் கையைத் தட்டுறதுக்கு ரெடியா விரிச்சு வச்சிருக்கான். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு என்னமோ ஆயிருச்சு.

வண்டியைப் பாலத்து மேலேயே நிறுத்திட்டேன். "கவுத்துங்க ஆன்ட்டி!" கவுத்த மாட்டேன்டா கண்ணு, இந்த வண்டியைக் கவுத்தவங்க வேற ஆளுங்கன்னு சொல்றேன், மைக்ல சொல்றேன், அந்த விளம்பரக் குரல் எங்கேயோ போயி வீட்டுக் குரல் வந்துருச்சு. இந்தப் பாலத்துல நிஜமாவே ஒரு வண்டி கவுந்துச்சு. ஓட்டினவர் தூங்கலை, வேகமாவும் போகலை. தண்டவாளம் முன்னாடியே உடைஞ்சு துரு ஏறிக் கிடந்தது, தட்டுது தட்டுதுன்னு அவர் சொன்னார், யாரும் கேக்கலை. அவர் பேரு ஞானப்பிரகாசம். சொல்லிட்டேன். மாதாவே, கல்யாணமான நாள்லேர்ந்து என் வாயால சொல்லாத பேரு, கோயில்ல பூசைக்கு எழுதிக் கொடுக்கும்போதுகூட ஜெசியை விட்டுத்தான் சொல்லச் சொல்வேன், அதை மைக்கைப் பிடிச்சு ஹால் முழுக்க எதிரொலிக்கச் சொல்லிட்டேன். அவர் என் வீட்டுக்காரர், அவர் மேல தப்பில்லை, இங்க பாருங்க, இந்த ஜாயின்ட்டைன்னு சொல்லிக் கையை நீட்டிக் கட்டைவிரலால அழுத்தினேன், முழு வேகத்துல திருகினேன், வண்டி வளைவுல சர்ருனு போச்சு, கவுரலை, இன்னொரு ரவுண்டு, கவுரலை. ஒரு பிள்ளைகூடக் கைதட்டலை. நாக்கு வச்ச பொடியன் மட்டும் மெதுவாக் கேட்டான், "அவருக்கு வலிச்சுச்சா ஆன்ட்டி?" தெரியலைடா. எனக்கு அதுதான் இன்னிக்கு வரைக்கும் தெரியலை. டீச்சரு துப்பட்டாவால கண்ணைத் துடைக்குது. மூலையில முத்துராக்கு அக்கா குலுங்கிக் குலுங்கி அழறா. எனக்கு ஒரு சொட்டு வரலை, நெஞ்சுல இருந்த கல்லை யாரோ எடுத்து வெளியே வச்ச மாதிரி இருந்தது, இத்தனை வருஷத்துல முதல் தடவையா மூக்கு நிறைய மூச்சு விட்டேன், நாத்தத்தோட சேர்த்துத்தான்.

பிள்ளைங்க போனப்புறம் தினகரன் சார் வர்றார். வேலை போச்சுன்னுதான் நினைச்சேன், போகட்டும்னும் நினைச்சேன். அவர் கண்ணும் கலங்கியிருக்கு. "ரெஜினாம்மா, சொல்லவே இல்லையே, என்ன ரெஜினாம்மா நீங்க, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு." என் கையைப் பிடிச்சுக்கிட்டார், நிஜமாத்தான் வருத்தப்படுறார், தம்பி மாதிரி, சார், மன்னிச்சுருங்க சார்னு ஆரம்பிக்கிறேன். "மன்னிப்பா? டீச்சர் என்ன சொன்னாங்க தெரியுமா, எல்லா கிளாஸையும் அனுப்புறாங்களாம். ரெஜினாம்மா, தினமும் இதையே சொல்லுங்க. பேரோட சொல்லுங்க. அவர் போட்டோ ஒண்ணு கொண்டு வாங்க, பாலத்துக்கிட்ட லைட் போட்டு வச்சிருவோம். முதல்ல ஜாயின்ட்டை அழுத்தாம ஒரு தடவை கவுத்துக் காட்டிருங்க, அப்புறம் நீங்க பேசுங்க, அப்புறம் அழுத்திட்டு ஓட்டுங்க, அப்ப இன்னும்..." சொல்லிக்கிட்டே போறார். போட்டோவா. கோட்டுக்காரன் பக்கத்துல, கோந்து போட்டா? தினமும் ஒரு தடவை அவரைக் கவுத்து, தினமும் ஒரு தடவை அவரைக் காப்பாத்தி, சாயங்காலம் துணியைப் போட்டு மூடிட்டு வீட்டுக்குப் போகணுமா? ஒரு கையால மேசையைப் பிடிச்சுக்கிட்டேன். முடியாது சார்னு சொல்லு. சொல்லு ரெஜினா, இப்பவாவது வாயைத் திறந்து சொல்லு. நாக்கு நுனியிலதான் இருக்கு. முடியாதுன்னு சொல்லிட்டா? சொல்லிட்டா நாளைக்கு வர்ற பிள்ளைங்களுக்கு அந்தப் பழைய வாக்கியத்தை வேற யாராவது சொல்லுவாங்க, ஓட்டுநரின் கவனக்குறைவால்னு. அப்ப நான் சொல்லித்தான் ஆகணுமா? வாசல்ல அடுத்த வேன் ஹாரன் அடிக்குது, தினகரன் சார் வரவேற்க ஓடுறார். ஜெசி அப்பா பேரை நான் இந்த ஷோவுல ரொம்ப வேகமாச் சொல்லிட்டேன், பின்னாடி நின்ன பிள்ளைங்களுக்குக் கேட்டிருக்காது. ஞானப்பிரகாசம்னு சொல்லிட்டு ஒரு மூச்சு நிறுத்தணும், அதுக்கப்புறம் குரலைத் தாழ்த்தி என் வீட்டுக்காரர்னு சொல்லணும், அப்பத்தான் எடுபடும்னு தோணுது, சீ, எனக்கே தோணுது.